பத்தடி விட்டுக் கட்டச் சொன்னவர்

தணிகாசலம் சார் தவறிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் ஃபோன் செய்தபோது, நான் கம்பெனி ஸ்டோர்ஸில் லாரி டிரைவர் ஒருவரோடு சண்டையில் இருந்தேன். சேதி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அன்று காலையில்தான் அவரோடும் ஒரு சண்டை. அவர் வீட்டுத் தென்னை மட்டை எங்கள் துணிக்கொடியில் விழுந்து புதுச் சேலை கிழிந்துவிட்டது. நான் போட்ட சத்தத்துக்கு அவர் அசரவில்லை. "டூட்டிக்கு நேரமாவுது உனக்கு. சாயங்காலம் வா, பதில் சொல்றேன்" என்றார். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளா அவர்? மதியம் சாப்பிட்டுக் கைகழுவி நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே பொசுக்கென்று போய்விட்டார். பதில் இன்னும் பாக்கி.

நம் தெருக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, டிக்கெட் பரிசோதகராக ஓய்வுபெற்றவர். வேலை ஓய்ந்தது, பரிசோதனை ஓயவில்லை. சட்டைப் பையில் விசில் எப்போதும் இருக்கும். சாக்கடைப் பலகை மேல் வண்டியை நிறுத்தினால் விசில். குப்பையைத் தெருவில் கொட்டினால் விசில். ஒருமுறை சாமி ஊர்வலம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியபோதும் ஊதிவிட்டு, பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "டிக்கெட்ட வாங்கி பையில போட்டுக்கினா ஆச்சா? எதுவரிக்கும் செல்லும்னு பாக்க வேணா?" என்பது அவர் ஓயாமல் சொல்கிற வசனம். பஸ்ஸுக்குச் சொன்னதை அவர் உலகத்துக்கே சொல்வார்.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் அவர்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. கார் கம்பெனி வந்தது, அதற்குப் பின்னால் சின்னக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. கொல்லை மனைகளானது. கிணறு இருந்த மனையை மட்டும் அவர் வைத்துக்கொண்டு வீடு கட்டினார். அதற்குக் கிழக்கே ஒட்டிய மனையை அவரிடம் நாங்கள் வாங்கினோம். கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்து வாடகை ரூமில் அல்லாடிய எங்களுக்கு, சொந்த மனை என்றதும் தலைகால் புரியவில்லை.

பத்திரப்பதிவு நாளைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஜோசியரைப் பார்த்து நல்ல நேரம் குறித்து வந்திருந்தார். பதிவு ஆபீசிலோ கூட்டம். பத்திரம் எழுதியவர் எங்களுக்குப் படித்துக்காட்டத் தொடங்கியபோது ராகு காலம் நெருங்கிவிட்டது. எங்கள் பெயர், சர்வே நம்பர், நான்கு எல்லை வரை காதில் வாங்கினோம். அதற்கு மேல் அவர் மந்திரம் போல ஓட்டினார். "போதும், போதும், கையெழுத்துப் போட்டுருவோம், நேரம் போவுது" என்று என் வீட்டுக்காரர் பேனாவைப் பிடுங்கினார். தணிகாசலம் சார் மட்டும், "கடசி பக்கத்தப் படிக்கலியேபா" என்றார். "உங்க மேல நம்பிக்கை இருக்கு சார்" என்றோம் நாங்கள். அவர் எங்களைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. டிக்கெட் இல்லாதவனை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். பத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன் வைத்தோம். பிறகு வீட்டுக் கடனுக்காக பேங்க்காரர்கள் வாங்கிப் பூட்டிவைத்தார்கள். யார் படித்தது?

ஆண்டுகள் சில போயின. ஊரில் தனியாக இருந்த என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தீப்பெட்டி ஆபீசில் போர்மேனாக நூறு பேரை அதட்டி வேலை வாங்கியவர். நாக்கு மட்டும் பழைய வேகத்தில் இருந்தது. என்னைத் தவிர அவருக்குப் பிள்ளை இல்லை. கூட்டிவரலாம் என்றால், மகள் வீட்டுக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "மாப்பிள்ளை வீட்டு ஹால்ல கட்டிலப் போட்டுக் கெடக்க மாட்டேன் தாயி. வாசல் தனியா ஒரு ரூம்பு போட்டியன்னா வாரேன். வாடகை வீடுன்னு நெனச்சுக்கிடுவேன்" என்றார். மாடியில் கட்டலாம் என்றால் அவரால் ஏற முடியாது. கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர், முன்னால் ரோடு, பின்னால் சமையல்கட்டு. காலியாகக் கிடந்தது மேற்குப் பக்கம் மட்டும்தான். கூடவே ஒரு கழிவறையும் சேர்த்துக் கட்ட மேஸ்திரி பிளான் போட்டார்.

இந்த முறை எதையும் விடவில்லை நாங்கள். ஊராட்சியில் அனுமதி வாங்கினோம். வாஸ்து பார்க்கிறவர் வந்து மேற்கு அமோகம் என்றார். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் நாள் குறித்தோம். பூசணிக்காய், தேங்காய், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தயார். மேஸ்திரி கடப்பாரையை ஓங்கியதும் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து விசில் வந்தது. அவர் பயந்து தன் காலிலேயே போட்டுக்கொள்ளப் பார்த்தார்.

தணிகாசலம் சார் கையில் பத்திர நகலோடு நின்றார். "எல்லாம் நிறுத்துங்கோ. இன்னாமே செல்வி, மேற்கால பத்தடி வுட்டுட்டுத்தான் கட்றதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்து பள்ளம் நோண்டறே?"

"எங்க இடத்துல நாங்க கட்டுறோம் சார். ஊராட்சியே ஒத்துக்கிட்டாச்சு" என்றேன்.

"ஊராட்சி ஒத்துக்கினா? அது அவங்க ரூலு. இது எனக்கும் உனக்கும் கீற பேச்சு" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூஜைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால் கடைசிப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். எழுதி வாங்குபவரும் அவரது வாரிசுகளும் பின்னிட்டு வாங்குவோரும் மேற்படி மனையின் மேற்கில் பத்தடி அகலத்துக்குக் கூரையுள்ள கட்டடமோ, கழிவறையோ, கழிவுநீர்த் தொட்டியோ எக்காலத்தும் கட்டுவதில்லை. அதோடு நின்றாரா? மாவு மில் வைப்பதில்லை. எருமை வளர்ப்பதில்லை. சுண்ணாம்புக் காளவாய் போடுவதில்லை. அந்தத் துக்கடா மனையில் கல்யாண மண்டபம் கட்டுவதில்லை! கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு மானம் போனது. "தோ பாரு, எனக்கும் இதே ரூலுதான். என் பக்கமும் பத்தடி வுட்டுக்கறேன்னு நானே எழுதிக் குட்த்துக்கிறேன். நான் கட்டிக்கினேனா?" என்றார். பொங்கலை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நெய் கம்மி என்றும் சொன்னார்.

விடுவேனா? மறுநாளே லீவு போட்டுவிட்டு கோர்ட் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எருமையும் மாவு மில்லும் கோர்ட்டுல நிக்குமாங்கறது சந்தேகம்தாம்மா. வித்துட்ட இடத்தை வாங்குனவர் எப்படி அனுபவிக்கணும்னு வித்தவர் சும்மா கட்டளை போட முடியாது. ஆனா இவர் பக்கத்திலேயே தனக்குன்னு நிலம் வச்சிருக்கார். அதுல குடிக்கிற கிணறு இருக்கு. அந்தக் கிணத்தைக் காப்பாத்த உங்க இடத்துல ஒரு தடை போட்டா அது நிக்கும். நாளைக்கு நீங்க வித்தாலும், தெரிஞ்சு வாங்குறவரையும் அது புடிக்கும். மீறிக் கட்டினா தடையுத்தரவு வாங்கிடுவார்" என்றார். வேறு வழி? "அவரே மனசு வச்சு விட்டுக்கொடுத்து எழுதணும். அப்பக் கட்டலாம்." அவர் எழுதுவாரா என்று கேட்டேன். வக்கீல் முகம் ஒரு மாதிரி ஆனது. "காலேஜ் படிக்கிறப்ப என்னை ஒருதரம் பஸ்ல புடிச்சார். பாஸ் வீட்டுல இருக்குன்னேன். பாக்கலாம்னு எங்க வீடு வரைக்கும் வந்துட்டார். எங்கப்பா கிட்ட காபி வேற வாங்கிக் குடிச்சார்" என்றார். அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதற்கிடையில் ஊரில் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கேட்காமலே வேன் வைத்துத் தூக்கி வந்தோம். ஹாலில் கட்டில் போட்டோம். அவர் ராத்திரி மட்டும் அதில் படுப்பார். பொழுது விடிந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். வெயில் ஏறினாலும் உள்ளே வர மாட்டார். சோறு பாதி அப்படியே திரும்பி வரும். இப்படியே போனால் அப்பா எனக்கு மிஞ்ச மாட்டார் என்று தெரிந்தது. "சனிக்கெழம என்னைய ஊருக்கு பஸ் ஏத்திரு தாயி" என்று அவர் சொன்னபோது சமையல்கட்டில் போய் நின்று வாய்விட்டு அழுதேன்.

அன்று காலையில் ரோட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தணிகாசலம் சார் அப்பாவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"யாருபா நீ? தெனிக்கும் இங்கியே குந்திக்கினு கீறே. ரூமு வாடகைக்கு கேட்டு வந்தவனா?"

"செல்விய பெத்தவன். சனிக்கெழம ஊருக்குப் போயிருவேன். என்னையக் கேள்வி கேக்க நீரு யாரு வேய்?"

"பெத்தவர் வூட்டுக்குள்ள போவ வேண்டியதுதானே? வெளிய இன்னா வேல?"

"உள்ள மாப்பிள்ளை வீடு. வெளிய ரோடு. ரோடு சர்க்காருது. ஒம்ம அப்பன் வீட்டு ரோடா?"

"எங்கப்பன் கொல்லைதான் இது" என்றார் அவர் உண்மையைச் சொல்லும் பரிசோதகராக. பிறகு அங்கேயே மதிலோரம் குந்திவிட்டார். "சனிக்கிழமை ஊருக்குப் போறேன்றியே. அங்க யாரு பாத்துப்பா?"

"சொவரு இருக்குல்லா. புடிச்சிக்கிடுவேன்" என்றார் அப்பா.

தணிகாசலம் சார் சட்டென்று எழுந்தார். விறுவிறுவென்று எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என் மேல் பாய்ந்தார். "ரூமு உங்க அப்பனுக்குன்னு எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லல? ஊரே கட்டுதே, வாடகைக்கு வுட்றதுக்கு, நீயும் அதான் பண்றேன்னு நெனச்சிக்கினேன்."

"நீங்க எங்க சார் சொல்ல விட்டீங்க? விசில் ஊதிட்டு எருமையப் பத்திப் படிச்சீங்க! நெய் கம்மின்னு வேற சொன்னீங்க!" என்று நானும் கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

அவர் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். "சரி, சரி, மூக்க தொட" என்றார். அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு கிணற்றில் இருந்து எங்கள் சுவர் வரை அளந்தார். மறுநாள் வேறு கோணத்தில் அளந்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குறுக்குவிசாரணை செய்தார். அப்பாவுக்கு சனிக்கிழமை பஸ் ஏறக் கூடாது என்று உத்தரவும் போட்டார். "டிரைவரு நம்ம பையன், ஏத்த மாட்டான்" என்றார். பச்சைப் பொய் என்று எனக்கே தெரியும். அப்பாவும் நம்பினதாகக் காட்டிக்கொண்டார்.

விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை அவரே சொல்லி எழுதவைத்தார். ரூம் கட்டலாம். கழிவறைத் தொட்டி மட்டும் மேற்கே கூடாது, குழாய் போட்டு முன்பக்கம் கிழக்கு மூலையில்தான் வரணும். ரூமின் வாசல் தனியாக வெளியே இருக்கும். எல்லாம் சரி. கடைசி வரியைப் படித்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த அனுமதி என் அப்பாவின் ஆயுள் வரையில்தான், அதற்குப் பின் பழைய ஷரத்துப்படி இடத்தைக் காலியாக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"எங்கப்பா செத்த மறுநா கடப்பாரையத் தூக்கிட்டு வருவீங்களா? என்ன மனுசன் சார் நீங்க?"

"எழுதுனது எழுதுனதுதான். இஷ்டம்னா போடு" என்றார். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை என்னைச் சத்தமாகப் படிக்கவைத்துத்தான் கையெழுத்துக்கு விட்டார். படித்து முடிக்கும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ராகு காலத்தில்தான் கையெழுத்தானது. அந்தப் பத்திரத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் வரவில்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எஞ்சாவுக்கே ஷரத்து போட்டுட்டானா? சரியான ஆளுதான்!" என்று அவர் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ரூம் எழும்பியது. அப்பா தனி வாசலில் தனி ராஜாவாக உட்கார்ந்தார். கிணற்றுப் பக்கம் பார்த்த ஜன்னல் வழியாக இரண்டு கிழவர்களும் தினமும் சண்டை போட்டார்கள். தீப்பெட்டியில் எத்தனை குச்சி இருக்க வேண்டும், சாம்பாருக்கு வெல்லம் போடலாமா, கோவில்பட்டி வெயில் பெரிதா ஸ்ரீபெரும்புதூர் வெயில் பெரிதா என்று ஒன்று விடாமல் பேசினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்த அந்தக் கோடையில் தெரு முழுக்க அவர் கிணற்றில்தான் குடத்தோடு நின்றது. குடத்தை வரிசையில் வைக்கவும் விசில்தான். வரிசையில் நின்று அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தபோது, பத்தடிக்கு அவர் ஏன் அத்தனை ஆட்டம் ஆடினார் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. அங்கே ஒரு கழிவுநீர்த் தொட்டி வந்திருந்தால் அந்தக் கோடையில் நாங்கள் எல்லோரும் எதைக் குடித்திருப்போம்?

அப்பா போனது ஒரு தை மாதம், தூக்கத்திலேயே. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிய சாயங்காலம் தணிகாசலம் சார் வந்தார். நேரே அந்த ரூமுக்குள் போய்க் காலிக் கட்டிலில் உட்கார்ந்தார். அழுது ஓய்ந்திருந்த எனக்கு அவரைப் பார்த்ததும் ஆத்திரம் மூண்டது. "ஆயுள் முடிஞ்சுபோச்சு சார். எப்ப இடிக்கணும்னு சொல்லிருங்க. ஆளு விடுறேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நான் எதுக்கு அப்படி எழுதினேன் தெரியுமா?" என்றார். "உங்கப்பன் வீம்பு புடிச்ச ஆளு. நான் செத்தா எம்பொண்ணு ரூம இடிப்பாங்களேன்ற கோவத்துலயாவது இன்னும் பத்து வர்சம் கெடப்பான்னு நெனச்சேன். ஏமாத்திட்டாம்மா." அவர் தோள் குலுங்கியது. அதட்டல் குரலில் இருந்து அப்படி ஓர் அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நானும் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து அழுதேன். போகும்போது, "இடிக்கச் சொல்ல வேண்டியவன் நான். நான் கேக்கல. போய் காபி போடு" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. துணிக்கொடி, தென்னை மட்டை, குப்பை என்று மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்.

நம் பகுதியில் இப்போது நிலம் விற்கிற விலைக்கு, அவரை எடுத்துக்கொண்டு போன அன்றே மாலையோடு இரண்டு புரோக்கர்கள் வந்து நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் இருக்கும் அவர் மகளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? போன வாரம் வாங்க வருகிறவர் என்னிடம் வந்தார். நல்ல மரியாதையான மனிதர், ஸ்வீட் பாக்கெட் கொண்டுவந்திருந்தார். கிணற்றை மூடிவிட்டு, மதில் வரைக்கும் மூன்று மாடிக்கு ரூம்களாகக் கட்டி கம்பெனிப் பையன்களுக்கு விடப் போகிறாராம். அவர் பக்கத்துப் பத்தடியை நான் விட்டுக்கொடுத்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். தணிகாசலம் சார் தனக்கும் போட்டுக்கொண்ட ஷரத்து இப்போது என் கையில் இருக்கிறது.

அவர் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அன்பாக நாலு வார்த்தை பேசினவர் இல்லை. மன்னிப்பு கேட்டவரும் இல்லை. பிடித்துக்கொள்ளவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும், யாருக்காக விடுகிறோம் என்பதும் தெரிய வேண்டும். அவரிடம் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். ஸ்வீட் பாக்கெட்டை மேஜை மேல் வைத்துவிட்டு அந்த மனிதரிடம் கேட்டேன்:

"ஒங்க வீட்டுல மாடி ஏற முடியாதவங்க யாராவது இருக்காங்களா?"

அவர் முழித்தார். "இல்லீங்களே, ஏன்?"

"அப்படின்னா பத்தடி விட்டுக் கட்டுங்க" என்றேன்.